சின்னத்துரையின் வண்டியைத் துலக்கிய மழைக்காலம்

என் கணவர் தேயிலை ஸ்டோரில் பிட்டராக இருந்தார். ஸ்டோர் என்று நாங்கள் சொல்வது கொழுந்தை அரைத்துத் தூளாக்கும் தொழிற்சாலையை. அங்கே ஓடுகிற இயந்திரங்களைப் பழுது பார்ப்பது பிட்டரின் வேலை. நான் மலையில் கொழுந்து எடுத்தேன். எங்களுக்குக் கல்யாணமாகி இரண்டு வருடம் ஆகியிருந்தது. பிள்ளை இல்லை. லயத்து வரிசையில் எங்களுக்கென்று இருந்த ஒரே அறையான காம்பிராவில் படுத்து எழுந்தாலும் அவரைப் பற்றி எனக்கு அதிகம் தெரியாது என்பதுதான் உண்மை. நான் காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்களத்தில் பேர் கொடுக்க ஓடும்போது அவர் வேலை முடிந்து வந்து படுப்பார். நான் கூடையை இறக்கும்போது அவர் புறப்படுவார். ஞாயிற்றுக்கிழமைகளிலும் வீட்டில் இருக்கமாட்டார். தோட்டத்தை நடத்தும் பெரியதுரைக்கு அடுத்தவரான வெள்ளைக்காரச் சின்னத்துரையின் பங்களாவுக்குப் போய்விடுவார்.

அங்கே பழைய குதிரைக் கொட்டிலில் ஒரு மோட்டார் சைக்கிள் கிடந்தது. யுத்தத்துக்கு முன்னால் இருந்த ஏதோ ஒரு துரை இங்கிலாந்திலிருந்து கப்பலில் கொண்டுவந்தது. அவர் போய்ச் சேர்ந்த பிறகு யாரும் தொடவில்லை. சாக்கு மூட்டைகளுக்கு அடியில், கோழிகள் முட்டையிடும் இடமாகிக் கிடந்த அந்த வண்டியை, புதிதாக வந்த சின்னத்துரை கண்டுபிடித்தார். இருபத்திரண்டு, இருபத்துமூன்று வயது இருக்கும் அவருக்கு. என் கணவரைக் கூப்பிட்டு, "இது ஓடுமா?" என்று கேட்டாராம். "கழட்டிப் பாத்தாத்தாங்க தெரியும்" என்றாராம் இவர். அப்படிக் கழற்றத் தொடங்கி ஞாயிறு ஞாயிறாக நாலைந்து மாதம் கழற்றினார்.

அந்த வேலை பாதியில் நிற்கும்போதுதான் ஸ்டோரில் அவருடைய கை மாட்டியது. விடிந்து வேலை முடிகிற நேரம், கொழுந்தை உருட்டுகிற ரோலரைச் சுழற்றும் தோல் பட்டை நழுவியிருந்தது. இயந்திரத்தை நிறுத்தாமலே அதைத் தள்ளி ஏற்றப் போயிருக்கிறார். நூறு தடவை அப்படிச் செய்தவர்தான். என்னை மலையிலிருந்து கூப்பிட்டு வந்தபோது அவரை லொறியில் ஏற்றியாகிவிட்டது. நுவரெலியா ஆஸ்பத்திரியில் மூன்று விரல்களை எடுத்தார்கள். கட்டைவிரலும், ஆள்காட்டி விரலில் பாதியும் மிஞ்சின. வலது கை.

மூன்று வாரம் கழித்துத் திரும்பி வந்தவர் வாயைத் திறக்கவே இல்லை. அதற்குள் ஸ்டோரில் வேறு பிட்டர் வந்துவிட்டார். அவரை எது அதிகமாக வதைத்தது என்பது எனக்குச் சாப்பாட்டு நேரத்தில்தான் தெரிந்தது. சோற்றைப் போட்டுத் தட்டை வைத்தால், "நீ வெளிய போ" என்பார். நான் போய்க் கதவுக்கு வெளியே நிற்பேன். இடது கையால் சாப்பிடுவதை நான் பார்க்கக் கூடாது. ஒரு தடவை நான் உருட்டிக் கொடுக்கட்டுமா என்று கேட்டுவிட்டேன். தட்டு சுவரில் போய் விழுந்தது. அதற்குப் பிறகு கேட்கவில்லை.

அந்த நாட்களில் ஒரு பகல் சின்னத்துரை லயத்துக்கே வந்தார். துரைமார் யாரும் லயத்து வாசலில் வந்து நின்று நான் கண்டதில்லை. அக்கம்பக்கத்துக் காம்பிராக்களில் பேச்சு நின்றுவிட்டது. எங்கள் கூரை தாழ்வு என்பதால் அவர் குனிந்து உள்ளே பார்த்தார். தோட்டத்துத் தமிழ் அவருக்குக் கொஞ்சம் வரும்.

"பிட்டர், மோட்டார் சைக்கிள் எல்லாம் துண்டு துண்டா கிடக்குது. புது பிட்டர் தூக்கிப் போடச் சொல்லுறான். எந்தத் துண்டு எங்கே போகுது, உனக்குத்தான் தெரியும்."

என் கணவர் கட்டுப் போட்ட கையைத் தூக்கிக் காட்டினார்.

"பார்த்தேன்" என்றார் சின்னத்துரை. "கண்ணு இருக்கு. வாய் இருக்கு. வேற ஆள் கை எடு. நீ சொல்லு, அவன் செய்யட்டும்."

மறுநாள் பங்களாக் காவல்காரர் ஒரு தேயிலைப் பெட்டியைச் சுமந்து வந்து எங்கள் காம்பிராவில் இறக்கினார். எஞ்சினின் மூடிகள், பற்சக்கரப் பெட்டியின் மூடி, சங்கிலியை மறைக்கும் நீளக் கூடு. இரும்புச் சாமான்கள் கொட்டிலிலேயே இருந்தன. இவை எல்லாம் அலுமினியம். எங்கள் சோற்றுச் சட்டியின் அதே உலோகம். ஆனால் அப்படிச் சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். எண்ணெய் தீய்ந்து கருமையாக ஒட்டியிருந்தது. ஈரத்தில் கிடந்த இடங்களில் வெள்ளை வெள்ளையாகப் பூத்து, பொரிந்து, சொறி பிடித்த தோலைப் போல இருந்தது.

இரண்டு நாள் அவர் அந்தப் பெட்டியைப் பார்த்துக்கொண்டே இருந்தார். கை கொடுக்க ஆள் யார் வருவார்கள்? ஆம்பளைகள் எல்லோருக்கும் காலையிலிருந்து வேலை. மூன்றாம் நாள் சாயங்காலம் நான் கூடையை வைத்துவிட்டு, "நான் செய்றேங்க" என்றேன்.

அவர் சிரித்தார். விபத்துக்குப் பிறகு நான் கேட்ட முதல் சிரிப்பு அது. நல்ல சிரிப்பு இல்லை.

"கொழுந்து கிள்ளுற கையால எஞ்சினு சாமானா? சரி, எடு பாப்போம்."

அப்படித்தான் தொடங்கியது. முதலில் ஓட்டைகளை எல்லாம் துணி வைத்து அடைக்கச் சொன்னார். தேய்க்கிற தூள் ஒரு பொட்டு உள்ளே போனாலும் ஓடுகிற எஞ்சினைத் தின்றுவிடும் என்றார். பிறகு மண்ணெண்ணெயில் துணியை நனைத்து எண்ணெய்ப் பிசுக்கைக் கரைக்க வேண்டும். தென்னை நாரால் சுரண்டலாம். கம்பி நார் கூடாது. அதன் பிறகுதான் உப்புத்தாள். முதலில் சொரசொரப்பானது, பிறகு மெல்லியது, அதைவிட மெல்லியது. வட்டமாகத் தேய்த்தால் திட்டுவார்.

"நேரா போ புள்ள. ஒரே தெசையில போ. சட்டி வெளக்குறியா நீ?"

ஒன்றோடு ஒன்று ஒட்டுகிற விளிம்புகளை மட்டும் தொடவே விடமாட்டார். அங்கே ஒரு கீறல் விழுந்தாலும் எண்ணெய் கசியுமாம். நான் உப்புத்தாளை எடுத்தாலே அவருடைய கண் அந்த விளிம்பில்தான் இருக்கும். முதல் வாரம் முழுவதும் ஏச்சு வாங்கினேன். ஆனாலும் ஏசுவதற்காகவாவது வாயைத் திறக்கிறாரே என்று எனக்கு இருந்தது.

தினமும் சாயங்காலம் வெளிச்சம் இருக்கிறவரைக்கும் வாசல் பக்கம் சாக்கை விரித்து உட்கார்ந்து தேய்ப்பேன். காலையில் மலைக்குப் போவேன். மண்ணெண்ணெய் வாசம் கையை விட்டுப் போகாது என்பது எனக்குத் தோன்றவே இல்லை. கொழுந்து அப்படி ஒரு சாமான்; பக்கத்தில் எந்த வாசம் இருந்தாலும் இழுத்துக்கொள்ளும். ஒரு நாள் பகல் நிறுவையில் என் கூடையைக் கொட்டியதும் கணக்கப்பிள்ளை குனிந்து முகர்ந்தார். ஒரு பிடி அள்ளி மறுபடியும் முகர்ந்தார்.

"ஏய், இது என்ன மண்ணெண்ண நாத்தம்? ஸ்டோருக்கு இந்தக் கொழுந்து போனா ஒரு பெட்டித் தூளே பாழாப் போகும். யாரு வேலை இது?"

என் கையை நீட்டச் சொன்னார். நீட்டினேன். எல்லாப் பெண்களும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். என் கூடைக் கொழுந்தைப் பள்ளத்தில் கொட்டச் சொல்லி, அன்றைக்கு அரைப்பேர்தான், பாதி நாள் கூலிதான் என்று எழுதிக்கொண்டார். "நாளைக்கும் இப்பிடி வந்தா பேரே இல்ல, பாத்துக்க" என்றார். சின்னத்துரையின் சாமானைத்தான் துலக்குகிறேன் என்று சொல்லியிருக்கலாம். ஏனோ சொல்ல வாய் வரவில்லை. சொன்னால் என் கணவருக்கு ஆகாத வேலையை நான் செய்கிறேன் என்று மலை முழுக்கப் பேச்சாகும். அந்தப் பேச்சு அவர் காதுக்குப் போகும்.

அவரிடமும் நடந்ததைச் சொல்லவில்லை. மண்ணெண்ணெய் இல்லாமல் இந்தப் பிசுக்கை எடுக்க வேறு வழி என்ன என்று மட்டும் யோசித்தேன். கொழுந்து எடுக்கும்போது இடுப்பில் கட்டுகிற அழுக்கேறிய படங்குச் சாக்கைச் சலவைச் சோடா போட்டு வேகவைத்தால் வெளுத்துவிடுகிறதே என்று நினைத்தேன். எனக்கு மலையில் வேலை இல்லாத ஒரு நாள், அவர் கட்டு மாற்ற டிஸ்பென்சரிக்குப் போயிருந்தபோது, பழைய மண்ணெண்ணெய்த் தகரத்தில் தண்ணீரைக் கொதிக்கவைத்து, கை நிறையச் சோடாவை அள்ளிப் போட்டு, எஞ்சினின் பக்கவாட்டு மூடியை உள்ளே இறக்கினேன். அதுதான் எல்லாவற்றிலும் அழகான மூடி. செய்தவர்களின் பெயர் அதில் எழும்பிய எழுத்தில் இருந்தது.

தண்ணீர் சீறிக்கொண்டு நுரைத்தது. அழுக்கு கழல்கிறது என்று சந்தோசப்பட்டேன். கொஞ்ச நேரம் விட்டுத்தான் குச்சியால் தூக்கிப் பார்த்தேன். அழுக்கு போயிருந்தது. ஆனால் மூடி தோசைக்கல் மாதிரி கறுத்துப் போயிருந்தது. சாம்பல் வைத்துத் தேய்த்தேன். போகவில்லை. அடுப்புக்கு முன்னால் அதை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது அவர் உள்ளே வந்தார்.

அவர் தகரத்தைப் பார்த்தார், சோடாப் பொட்டலத்தைப் பார்த்தார். கை உயர்ந்தது. புதுக் கட்டுப் போட்ட வலது கை. நான் கண்ணை மூடிக்கொண்டேன். அடி விழவில்லை. கண்ணைத் திறந்தபோது அவர் அந்தக் கையையே பார்த்துக்கொண்டு நின்றார், அது இன்னொருவருடைய கை என்பதுபோல. பிறகு கம்பளிகூட எடுக்காமல் மழைக்குள் இறங்கிப் போய்விட்டார்.

அவர் எங்கே போனார் என்று இன்றுவரைக்கும் எனக்குத் தெரியாது. தோட்டத்துக்குக் கீழே இருந்த அணைக்கட்டுப் பக்கம் போயிருப்பாரோ என்று பயந்தேன். எந்தப் பக்கம் போய்த் தேடுவது என்றும் தெரியவில்லை. சும்மா உட்கார்ந்திருக்கவும் முடியவில்லை. மறுநாள் கணக்கப்பிள்ளை முகர்ந்து பார்ப்பாரே என்று, ஒரு எலுமிச்சங்காயை வெட்டிக் கையில் தேய்த்துக்கொண்டேன். அரைப்பேர் வாங்கின நாளிலிருந்து சாம்பலும் எலுமிச்சையும் போட்டுத்தான் கை கழுவி வந்தேன். சாறு சொட்டி மடியில் இருந்த மூடியில் விழுந்தது. துடைக்கப் போனால், விழுந்த இடம் மட்டும் வெளுத்திருந்தது. கறுப்புத் துணியில் பொத்தல் விழுந்த மாதிரி ஒரு வெள்ளைப் பொட்டு.

எத்தனை தடவை புளிக்குழம்பு வைத்த சட்டி பளிச்சென்று வெளுத்திருக்கிறது! அப்போதுதான் அது நினைவுக்கு வந்தது. வீட்டில் இருந்த எலுமிச்சங்காய், அடுத்த காம்பிராவில் இரவல் வாங்கியது, ஒரு உருண்டைப் புளி எல்லாவற்றையும் கரைத்து மூடியை அதில் கொதிக்கவிட்டேன். கறுப்பு மெல்ல மெல்லக் கழன்று சாம்பல் நிறமாகி, பிறகு வெளுத்தது. மினுக்கம் இல்லை. ஊசியால் குத்தியதுபோலச் சின்னச் சின்னக் குழிகள் இருந்தன. ஆனால் மண்ணெண்ணெயில் பத்து நாள் ஊறியும் போகாத தீய்ந்த கறைகூடப் போயிருந்தது.

பொழுது சாயும் நேரத்தில் அவர் வந்தார். தலையிலிருந்து தண்ணீர் வடிந்தது. மூடியைக் கையில் எடுத்து வெளிச்சத்துக்குக் கொண்டுபோனார்.

"என்ன போட்ட?"

"எலுமிச்சங்கா. புளியும் போட்டேன்."

"யாரு சொன்னா?"

"யாரும் சொல்லல. கையில இருந்து ஒழுகிச்சுங்க."

"மொதல்ல சோடா எதுக்குப் போட்ட?"

அப்போதுதான் கொழுந்தைக் கொட்டிய கதையைச் சொன்னேன். அவர் மூடியைக் கீழே வைத்தார். பிறகு என் பக்கத்தில் சாக்கில் உட்கார்ந்து, என் கையை எடுத்து முகர்ந்து பார்த்தார். அதுவரை அவராக வந்து என் கையைப் பிடித்தது இல்லை. "குழியெல்லாம் போகணும்னா எட்டு நாள் தேய்க்கணும்" என்றார். இடது கையில் உப்புத்தாளை எடுத்து, மூடியின் ஒரு ஓரத்தை அவரே தேய்க்கத் தொடங்கினார். கோணல்மாணலாகத்தான் போனது. நான் திருத்தவில்லை.

அன்றைக்குச் சோறு போட்டபோது என்னை வெளியே போகச் சொல்லவில்லை. நானும் அவர் கையைப் பார்க்காமல் என் தட்டைப் பார்த்துச் சாப்பிட்டேன். இரண்டு பேரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டது கல்யாணத்துக்குப் பிறகு அதுதான் முதல் தடவையோ என்னவோ.

அதற்குப் பிறகு வேலை வேறு மாதிரி நடந்தது. ஒவ்வொரு மூடிக்கும் உள்ளே என்ன ஓடும், எண்ணெய் எந்த வழியாக ஏறி எங்கே விழும் என்றெல்லாம் சொல்லிக்கொண்டே இருப்பார். எனக்குப் பாதி விளங்கும், பாதி விளங்காது. தேய்த்து முடித்த இடத்தைக் கண்ணை மூடிக்கொண்டு கட்டைவிரலால் தடவிப் பார்ப்பது அவருடைய பழக்கம். வலது கட்டைவிரல் இன்னும் கட்டுக்குள் இருந்தது; இடது கட்டைவிரலுக்கு அந்த நுணுக்கம் வரவில்லை. "நீ தடவு. ஒன் வெரலு சொல்லட்டும்" என்றார். இளங்கொழுந்தையும் முற்றிய இலையையும் பார்க்காமலே பிரிக்கிற விரல்தானே என்னுடையது. மயிரிழைக் கீறல்கூட எனக்குத் தெரிந்தது. "இங்க இருக்குங்க" என்பேன். அவர் குனிந்து பார்த்து, "ஆமா" என்பார். அந்த "ஆமா"வுக்காக நான் மறுபடியும் மறுபடியும் தடவினேன்.

கடைசியில் பங்களாச் சமையல்காரரிடமிருந்து பித்தளை துலக்கும் மருந்து கொஞ்சம் வாங்கி வந்தார். அதைப் பூசித் தேய்த்து, கரும்பலகையில் எழுதும் சாக்கட்டியின் தூளை மெல்லிய துணியில் கட்டி ஒற்றித் துடைத்தோம். மழை ஈரம் மறுபடியும் பூத்துவிடாமல் மெழுகு தடவினோம். ஆவணியில் மூடிகளை எல்லாம் பழஞ்சேலையில் சுற்றிக் கொட்டிலுக்குக் கொண்டுபோனோம். பூட்டுகிற வேலைக்கு நாலு ஞாயிறு ஆனது. அவர் இடது கையால் ஸ்பேனரைத் திருகுவார், நான் மறுபக்கம் பிடித்துக்கொள்வேன். சில திருகாணிகளை நானே முறுக்கினேன்.

வண்டியைக் கிளப்பிய ஞாயிற்றுக்கிழமை சின்னத்துரை கொட்டில் வாசலில் நின்றார். ஏதோ கையெழுத்து வாங்க வந்த கணக்கப்பிள்ளையும் பக்கத்தில் நின்றார். நான் சுவரோரம் ஒதுங்கிக்கொண்டேன். என் கணவர் ஏறி மிதித்தார். மூன்று தடவை இருமிவிட்டு நின்றது. நாலாவது மிதியில் பிடித்துக்கொண்டது. கொட்டிலின் தகரக் கூரை அதிர்ந்தது. சின்னத்துரை ஒரு பையனைப் போலக் கத்தினார். பிறகு குனிந்து, அந்தப் பக்கவாட்டு மூடியைத் தடவிப் பார்த்தார்.

"இது எந்த ஆள் செஞ்சான், பிட்டர்? ஸ்டோர் ஆளா?"

என் கணவர் எஞ்சினை நிறுத்தினார்.

"இல்லீங்க தொரை. எஞ் சம்சாரந்தாங்க. இதைக் கரியாக்குனதும் அவதான், வெளுக்க வச்சதும் அவதான்."

மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள். எங்கே பார்ப்பது என்று தெரியாமல் நான் சக்கரத்தைப் பார்த்தேன். கணக்கப்பிள்ளை மெதுவாக, "அப்ப அந்த மண்ணெண்ண..." என்று ஆரம்பித்து, மிச்சத்தைச் சின்னத்துரையிடம் இங்கிலீசில் சொன்னார். இருவரும் சிரித்தார்கள். என்ன சொன்னார் என்று எனக்குத் தெரியாது. என் கணவர் சிரிக்கவில்லை.

சின்னத்துரை பெரியதுரையிடம் அவருக்காகப் பேசிப் பார்த்தார். ஸ்டோர் வேலை கிடைக்கவில்லை. ஒன்றரைக் கையோடு இயந்திரத்துக்குப் பக்கத்தில் யாரையும் விடமுடியாது என்று பெரியதுரை சொல்லிவிட்டார். கொழுந்து நிறுக்கிற மடுவத்தில் காவல் வேலை கொடுத்தார்கள். கம்பு ஒன்றைப் பிடித்துக்கொண்டு அவர் அங்கே உட்கார்ந்திருந்தால் நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு போவேன். ஆனால் ஞாயிற்றுக்கிழமைகளில் பக்கத்துத் தோட்டங்களின் சின்னத்துரைமார் தங்கள் பழைய வண்டிகளின் மூடிகளைச் சாக்கில் கட்டி அனுப்பினார்கள். நாங்கள் இரண்டு பேரும் துலக்கிக் கொடுத்தோம். எங்கள் சின்னத்துரை சீமைக்குத் திரும்பும்போது அந்த வண்டியையும் ரயிலில் ஏற்றிக் கொழும்புக்குக் கொண்டுபோனார்.

அதற்கு முன்பே, டயர் மாற்ற அவர் வண்டியை ஹட்டனுக்குக் கொண்டுபோன இடத்தில் ஒரு கராஜ் முதலாளி அந்த எஞ்சினைப் பார்த்திருக்கிறார். சிங்கள ஆள். துலக்கியது யார் என்று விசாரித்து, ஆள் அனுப்பி என் கணவரைக் கூப்பிட்டார். விரல்களைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லையாம். ஒரு பழைய எஞ்சினை ஓடவிட்டு, சத்தத்தைக் கேட்டு எங்கே கோளாறு என்று சொல்லச் சொன்னாராம். இவர் சொன்னது சரியாக இருந்தது. அங்கே அவர் எட்டு வருடத்துக்கும் மேலே வேலை செய்தார். பிற்பாடு நானும் தோட்டத்தை விட்டு ஹட்டனுக்குப் போனேன். முதல் இரண்டு வருடம் அவர் மட்டும் போய்க் கராஜிலேயே தங்கி, சனிக்கிழமை வருவார்.

அவர் முதன்முதலாகப் போன திங்கட்கிழமை நான் பஸ் வரும் சந்திவரை கூடப் போனேன். மூடுபனியில் பஸ் வருவது சத்தத்தில்தான் தெரிந்தது. ஏறும்போது, "வெரலப் பாத்துக்க புள்ள" என்றார். பஸ் போன பிறகு பெரட்டுக்களத்துக்கு ஓடிப்போய்ப் பார்த்தேன். பெரட்டு முடிந்து எல்லோரும் மலைக்குப் போய்விட்டிருந்தார்கள். அன்றைக்கு எனக்குப் பேர் இல்லை. திரும்பி வந்து கூடையை ஆணியில் மாட்டினேன். அவருக்குக் கை போனபோது நான் அழவில்லை. தட்டை வீசியபோதும் அழவில்லை. ஆளில்லாத காம்பிராவில் அந்தக் காலையில்தான் உட்கார்ந்து அழுதேன். பக்கத்துக் காம்பிராவில் ஒருத்தரும் இல்லாததால் நன்றாகச் சத்தம் போட்டே அழுதேன். பிறகு எழுந்து முகத்தைக் கழுவிக்கொண்டு, ஓடையில் துவைக்க அவருடைய எண்ணெய்ச் சட்டைகளை எடுத்துக்கொண்டு போனேன்.